பாட்டியின் பெட்டியில் ஆண்டு இல்லாத விக்டோரியா வெள்ளிக்காசு: ரூபாயா, வேறா?

மேலூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மேலூருக்கு அருகிலுள்ள எங்கள் பூர்விக வீட்டைப் பிரித்தபோது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் விக்டோரியா ரூபாய்கள் பதினொன்று கிடைத்தன. அவற்றுள் ஒன்று மட்டும் இனம் சேரவில்லை. முடி சூடிய ராணி இடப்பக்கம் பார்க்கிறார், அளவும் ஏறத்தாழ ரூபாயின் அளவுதான். ஆனால் இந்தியா என்ற பெயரோ ஆண்டோ இல்லை, சுற்றிலும் கொக்கி கொக்கியான எழுத்துகளே உள்ளன. பின்பக்கத்தில் நான்கு கேடயங்கள் சிலுவை வடிவில் இருக்கின்றன. மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் காட்டியபோது, ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும், இது 11.3 தான் நிற்கிறது, ஆகவே போலி, உருக்கும் விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். கொள்ளுத்தாத்தா கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இது என்ன காசு?

பழங்காசுப் பிரியன்:
கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் எடைதான் அது அசல் என்பதற்கு முதல் சான்று. இது பிரிட்டனின் ஃபுளோரின், அதாவது இரண்டு ஷில்லிங் காசு (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு), 11.31 கிராம் எடை, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நம் ரூபாயில் ஆயிரத்துக்கு 917 பங்குதான் வெள்ளி என்பதால், எடை குறைந்தாலும் இரண்டிலும் உள்ள வெள்ளி கிட்டத்தட்ட ஒன்றே. 1870-கள் வரை ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் என்றுதான் மாற்று விகிதமும் இருந்தது. ஆகவே பாட்டி அதை ரூபாய்களோடு சேர்த்து வைத்ததில் பிழையே இல்லை.

ஆண்டு இல்லாமல் இல்லை, ரோமன் எண்ணாக எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ராணியைச் சுற்றியுள்ள வாசகத்தின் கடைசிப் பகுதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்: எம் 1000, டி 500, சி ஒவ்வொன்றும் 100, எல் 50, எக்ஸ் 10. பூப்பக்கத்தில் (இந்தக் காசில் அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தும், கேடயங்களுக்கிடையே இங்கிலாந்தின் ரோஜாவும் ஸ்காட்லாந்தின் முட்பூவும் அயர்லாந்தின் மூவிலையும் இருக்கும்) ‘ஒரு ஃபுளோரின், பவுண்டில் பத்தில் ஒன்று’ என்ற பொருளில் எழுதியிருக்கும். நாம் நகைக்கடையில் சொல்லும் பவுனும் அந்தப் பவுண்டிலிருந்து வந்ததே.

வைகைக்கரையான்:
அந்த ‘பத்தில் ஒன்று’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு நிறைவேறாத திட்டம் உண்டு. 1847-இல் பிரிட்டனின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் பௌரிங், பத்துப் பத்தாகக் கணக்கிடும் பதின்ம நாணய முறை வேண்டுமென்று அங்கே வற்புறுத்தியதன் விளைவாக, வெள்ளோட்டம் பார்ப்பதுபோல 1849-இல் ஃபுளோரின் வெளிவந்தது. வில்லியம் வயன் செதுக்கிய ராணியின் தலையைச் சுற்றி, ‘இறையருளால்’ என்பதைக் குறிக்கும் வழக்கமான எழுத்துகள் விடுபட்டிருந்தன. ‘கடவுளற்ற ஃபுளோரின்’ என்று மக்கள் கொதித்தார்கள், அவ்வாண்டு பரவிய காலராவுக்கே அதைக் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள். 1851-இல் காசைச் சற்றுப் பெரிதாக்கி, விட்ட எழுத்துகளைச் சேர்த்து, நீங்கள் சொன்ன கொக்கி எழுத்தான கோதிக் எழுத்துருவில் வெளியிட்டார்கள். 1887 வரை அதே அமைப்பு நீடித்தது. அழகில் ஈடு இணை இல்லை, ஆனால் அன்றாடம் கைமாறும் காசில் ஆண்டைக்கூட எளிதில் படிக்க முடியாமல் செய்தது என் கணக்கில் வீண் பகட்டு. பிரிட்டன் முழுமையாகப் பதின்ம முறைக்கு வந்தது 1971-இல். அணாவையும் பைசாவையும் வைத்துக் கணக்குப் போட்ட நாம் 1957-லேயே மாறிவிட்டோம்.

மேலூர்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: எம், டி, மூன்று சி, எல், இரண்டு எக்ஸ், இரண்டு ஐ. 1872 என்று வருகிறது. நாட்டின் பெயரைச் சுருக்கி எழுதிய இடத்தில் ‘டி’ (T) என்னும் எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறதே, அது அச்சுப்பிழையா?

பழங்காசுப் பிரியன்:
பிழை அன்று. லத்தீன் சுருக்கெழுத்தில் கடைசி மெய்யை இரட்டித்தால் பன்மை. 1868 முதல் ஃபுளோரினில் அப்படித்தான் எழுதினார்கள், ஆகவே உங்கள் 1872-க்கு அது பொருந்தியே வருகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: கறுத்திருக்கிறதே என்று விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்போர் அந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தான் விலை கொடுப்பார்கள்.