புதுப்பிப்பு: 14 நாள் வரம்பையே எடுத்துக்கொண்டேன்

போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வுக்கு இனப்பெருக்க மருத்துவத்தின் வரலாற்றை எடுப்பதா, தத்துவத்தை எடுப்பதா என்று முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். ஏதாவது ஒன்றை விட்டுவிடச் சொன்னவர்களே அதிகம். நான் விடவில்லை. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற வரம்பை வைத்து முன்மொழிவு எழுதினேன், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த வரம்பைப் பரிந்துரைத்த பிரிட்டன் குழுவுக்குத் தலைமை தாங்கிய மேரி வார்னாக் ஒரு தத்துவவாதி. உயிரியலாளர் ஆன் மெக்லாரனும் அதில் இருந்தார். 1984இல் அறிக்கை, 1990இல் சட்டம். சரி, ஏன் 14? ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் கருத்தட்டில், அதாவது தட்டு போலிருக்கும் ஆரம்பக் கருவில், மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. அதற்கு முன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். 'ஒரு தனி ஆள்' எப்போது தொடங்குகிறார் என்ற வாதம் இங்கேதான் காலூன்றுகிறது. கூடவே, சட்டத்துக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய ஓர் எல்லையும் தேவைப்பட்டது. வரலாற்றையும் தத்துவத்தையும் பிரித்துவிட்டு இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், 2016இல் இரண்டு குழுக்கள் கருவை 12, 13 நாள் வரை வளர்த்துக் காட்டின. 2021இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் தன் தடைப் பட்டியலிலிருந்து இந்த வரம்பை எடுத்துவிட்டது. அங்கிருந்து பின்னோக்கிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.