ஆறு சபைகள், ஒரே ஊர்: ஐக்கிய ஜெப வாரமும் மாதாந்திர அன்னதானமும் நடத்துவது எப்படி?

வைகறை (கேள்வி)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்களுடையது சிறிய டவுன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், கத்தோலிக்கப் பங்கு, இரட்சணிய சேனை, இரண்டு பெந்தெகொஸ்தே சபைகள், எல்லாமே ஒரு கிலோமீட்டருக்குள். கிறிஸ்துமஸ் ஊர்வலத்தைத் தவிர சேர்ந்து செய்வது ஒன்றும் கிடையாது. சபைகளின் ஒற்றுமைக்காக ஜனவரி 18 முதல் 25 வரை வரும் ஐக்கிய ஜெப வாரத்தில் ஒரு பொது ஆராதனை வைக்க வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை, அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களுக்கு ஒருவேளை சாப்பாடு கொடுக்க வேண்டும். இதுதான் எண்ணம்.

முன்பு நடந்த முயற்சி, திருவிருந்தை (அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணையை) யார் நடத்துவது என்ற பேச்சிலேயே நின்றுவிட்டது. ஆராதனை முறை, கிழமை, காணிக்கைக் கணக்கு, சமையல் அளவு என எதில் தெளிவு இருந்தாலும் சொல்லுங்கள்.

மேய்ப்பன்கோல்

திருவிருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 908-வது பிரிவு, பிற சபை ஊழியர்களோடு சேர்ந்து நற்கருணை நிறைவேற்றக் கூடாது என்று குருக்களைத் தடுக்கிறது. யாருக்கு, எந்த நிலையில் அருட்சாதனம் கொடுக்கலாம் என்பதை 844-வது பிரிவு வரையறுக்கிறது. உங்கள் பங்குத்தந்தை எவ்வளவு மனம் வைத்தாலும் அதைத் தாண்ட முடியாது. கேட்பது அவரைத்தான் சங்கடத்தில் நிறுத்தும். இரட்சணிய சேனையினர் திருவிருந்தே அனுசரிப்பதில்லை. ஆறு பேருக்கும் பொதுவாக இருப்பது வசனம், ஜெபம், பாட்டு. அது சின்ன விஷயம் இல்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட, ஒன்றிப்பு (சபைகளின் ஐக்கியம்) பற்றிய ஆணையே, சேர்ந்து ஜெபிப்பது விரும்பத்தக்கது என்று எழுதிவைத்திருக்கிறது. பங்குப் பேரவையில் யாராவது தயங்கினால் அதைக் காட்டலாம்.

ஆராதனை முறையை நீங்களே எழுதாதீர்கள். ஒரு சபை எழுதினால் மற்ற ஐந்தும் அதைத் திருத்த உட்காரும், இரண்டு மாதம் போய்விடும். 1908-இல் தொடங்கிய இந்த வாரத்துக்கு 1968 முதல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்தே ஆண்டுதோறும் பொருளும் வாசகங்களும் தருகின்றன. எட்டு நாளுக்கும் பகுதிகள் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், "இது உங்கள் சபை நிகழ்ச்சி" என்று ஒருவரும் சொல்ல முடியாது.

கிழமை விஷயத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ஞாயிறு வேண்டாம். ஞாயிறு திருப்பலி கத்தோலிக்கருக்குக் கடமை என்பதால், அன்று ஒன்றிப்பு வழிபாடு வைப்பது உகந்ததல்ல என்று 1993-இல் வந்த கத்தோலிக்க ஒன்றிப்பு வழிகாட்டி நேராகவே சொல்கிறது. செவ்வாய் பல பங்குகளில் அந்தோணியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், வெள்ளி பெந்தெகொஸ்தே சபைகளின் உபவாச ஜெபம், சனி பாடகர் குழுப் பயிற்சி. மிஞ்சுவது திங்களும் வியாழனும். திங்கள் மாலை 6.30 என்று வைத்தால் யாருடைய வழக்கமும் கெடாது.

நேரம் 75 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வரவேற்பும் பாட்டும் 10, பாவ அறிக்கை 5, மூன்று வாசகங்களும் ஒரு சங்கீதமும் 15, செய்தி 12, ஜெபங்கள் 15, கர்த்தருடைய ஜெபம், சமாதான வாழ்த்து, காணிக்கை, ஆசீர்வாதம் எல்லாம் சேர்த்து மீதி. செய்தி ஒன்றே ஒன்றுதான். ஆறு பேரும் "ஐந்து நிமிடம் மட்டும்" பேசினால் அது ஒரு மணி நேரமாகும், ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையும் கூடவே வரும். யார் வீட்டில் ஆராதனை நடக்கிறதோ அவர் பிரசங்கிக்க மாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சி.எஸ்.ஐ. ஆலயத்தில் நடந்தால் பாஸ்டரோ ஃபாதரோ பேசட்டும்.

ஜெபத்தில் ஒரு நுணுக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பது பெந்தெகொஸ்தே சபையில் மூச்சு மாதிரி. லுத்தரன் பெரியவருக்கு அது இரைச்சலாகப் படலாம். அமைதியாக உட்காருவது கத்தோலிக்கருக்கு ஜெபம். மற்றவருக்கு அது நிகழ்ச்சியில் விழுந்த ஓட்டை போல இருக்கும். அதனால் இரண்டுக்கும் ஐந்தைந்து நிமிடம் ஒதுக்கி, தாளில் முன்கூட்டியே அச்சடித்துவிடுங்கள். எதிர்பார்த்தே வருகிறவர் முகம் சுளிப்பதில்லை.

வேதாகமம்: பழைய திருப்புதலில் "கர்த்தர்", "தேவன்", 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "ஆண்டவர்", "கடவுள்". பழைய ஏற்பாட்டை ஒன்றிலிருந்தும் நற்செய்தியை மற்றொன்றிலிருந்தும் வாசியுங்கள். சீராக், தோபித்து போன்ற இணைத்திருமுறை நூல்களிலிருந்து வாசகம் எடுக்க வேண்டாம். பிற சபையார் கையிலுள்ள வேதாகமத்தில் அவை இருக்காது.

கர்த்தருடைய ஜெபத்தில்தான் சபை தடுக்கி விழும். ஒரு பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே", மறுபக்கம் "விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே". அவரவர் தங்கள் வழக்கப்படி சொல்லட்டும் என்று விட்டால் நாலாவது வரியிலேயே குழம்பும். கத்தோலிக்கர் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று நிறுத்த, மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். இந்த ஆண்டு ஒரு பாடம், அடுத்த ஆண்டு மற்றது என்று முடிவுசெய்து, முழுவதையும் தாளில் கொடுங்கள். அந்தக் கடைசி வரி கத்தோலிக்கருக்கு அந்நியமும் இல்லை; திருப்பலியில் சற்றுப் பின்னால் "ஆட்சியும் வல்லமையும் மாட்சியும்" என்று அவர்களே சொல்வதுதான்.

விசுவாசப் பிரமாணம் வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் ஆண்டில் விட்டுவிடலாம். "பொதுவான சபை" என்று ஒரு பாடத்திலும் "கத்தோலிக்கத் திருஅவை" என்று இன்னொன்றிலும் வருகிற இடம் ஒரே கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்புதான். ஆனால் ஆராதனைக்கு நடுவில் அதை விளக்க முடியாது.

அசனப்பந்தி

ஆராதனை பற்றி மேலே எல்லாம் வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு வருகிறேன்.

100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 2.5 முதல் 3 கிலோ, காய்கறி 8 கிலோ, புளி அரை கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர். முருங்கைக்காய் வேண்டாம், தட்டில் இடம் அடைக்கும், சக்கையைப் போட அங்கே இடமிருக்காது. கேரட், பீன்ஸ், கத்தரி, பூசணி போதும். தண்ணீரைச் சற்றுத் தாராளமாக விட்டுக் குழைய இறக்குங்கள்; ஆறும்போது இறுகும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சமையலில் இல்லை, கட்டுவதில்தான். ஆவி பறக்கும் சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் வாடை வரும். பொட்டலத்தையே விடுங்கள். மூடிபோட்ட பாத்திரத்தில் சூடு குறையாமல் கொண்டுபோய் அங்கேயே தட்டில் பரிமாறுங்கள். இறக்கியதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் கடைசித் தட்டும் முடிய வேண்டும். பகல் 12.30-க்குப் பரிமாற 11.30-க்கு இறக்கினால் போதும், காலை 8 மணிக்குச் சமைத்துவைக்கத் தேவையில்லை. வெயில் காலத்தில் தயிர் சாதம் கூடாது, புளித்துவிடும். அனுமதியை மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். எந்த நாள், எத்தனை பேருக்கு, எந்த இடத்தில் என்று விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். வார்டுக்குள் போக வேண்டாம். நோயாளிகளுக்குப் பத்தியம் இருக்கும், நீங்கள் கொடுப்பது துணைக்கு இருப்பவர்களுக்கு.

இனி முக்கியமானது. "இந்த மாதம் சி.எஸ்.ஐ., அடுத்த மாதம் ஆர்.சி. (கத்தோலிக்கர்)" என்று முறைவைக்காதீர்கள். எளிதாகத் தெரியும், ஆனால் ஆறு சபை ஆறு தனி வேலை செய்வதாகத்தான் முடியும். யார் வடை கூட வைத்தார்கள் என்ற போட்டியும் தொடங்கிவிடும். வேலையைப் பிரியுங்கள், மாதத்தைப் பிரிக்க வேண்டாம். சந்தைக்கு இரண்டு சபையிலிருந்து ஒவ்வொருவர், காய் நறுக்க ஆறு பேர், அடுப்பில் மூன்று பேர், பரிமாற எட்டு பேர், கழுவ நான்கு பேர். சந்தைக்குப் போகிறவர்களைத் தவிர, ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று சபைகள் கலந்திருக்க வேண்டும். அண்டா கழுவுகிற பெயர்களை முதலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அந்த வேலை ஒவ்வொரு மாதமும் அதே இரண்டு பெண்கள் தலையில் விழும், நாலாவது மாதம் அவர்கள் வர மாட்டார்கள்.

1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், சபைகளின் உபதேச வேறுபாடுகளைப் பேசக் கூடிய விசுவாச ஒழுங்கு மாநாடு சபைகளிடம் ஒரு கேள்வி வைத்தது: ஆழமான கருத்து வேறுபாடு பிரிந்து செய்யும்படி கட்டாயப்படுத்துகிற காரியங்கள் தவிர, மற்ற எல்லாவற்றிலும் நாம் சேர்ந்தே செயல்பட வேண்டாமா? காய் நறுக்குவதில் உபதேச வேறுபாடு எதுவும் குறுக்கே வருவதில்லை.

கூடாரத்தார்

பெந்தெகொஸ்தே பக்கத்திலிருந்து ஒன்று. யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஆடு திருட்டுதான். பழைய சபைகள், "நம் வாலிபர்களை இழுத்துக்கொள்வார்கள்" என்று நினைக்கிறார்கள். நம்மவர்களோ, "நம்மைச் சபை என்றே மதிக்காதவர்களோடு எதற்கு" என்று நினைக்கிறார்கள். இதை முதல் கூட்டத்திலேயே மேஜையில் வைத்து, ஒரு பக்கத்தில் எழுதி ஆறு ஊழியர்களும் கையெழுத்திடுங்கள். கூட்டு வேலையில் தன் சபையின் துண்டுப்பிரதியோ அட்டையோ யாரும் கொடுக்கக் கூடாது. பிற சபையார் தொலைபேசி எண்ணை ஊழியத்துக்காகச் சேகரிக்கக் கூடாது. ஒருவர் சபை மாற விரும்பி வந்தால் பழைய சபை ஊழியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஞானஸ்நானம், மரியாள், அந்நியபாஷை, ஓய்வுநாள் பற்றிப் பொது மேடையில் பிரசங்கம் இல்லை. சாப்பாடு வாங்குகிறவரிடம் பிரசங்கமும் இல்லை. யாராவது ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபிக்கலாம்.

ஃப்ளெக்ஸில் ஊழியர்களின் படம் வேண்டவே வேண்டாம். யார் படம் பெரியது என்பதிலிருந்தே சண்டை ஆரம்பிக்கிறது. சபைப் பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் போதும். அரசியல்வாதிக்கு முன்வரிசை நாற்காலியும் போடாதீர்கள்.

வைகறை

மிகுந்த நன்றி. ஞாயிறு என்றுதான் முடிவுசெய்திருந்தோம், மாற்றுகிறோம். இரண்டு கேள்விகள் பாக்கி. காணிக்கைக் கணக்கு எப்படி? இரண்டாவது, எழுதத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் ஊரில் எந்தச் சபை என்றால் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம், எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி என்றும் சொல்லிவிடலாம். பந்தி என்றாலே சிலர் வர மாட்டார்கள் என்ற பேச்சு இப்போதே இருக்கிறது.

மேய்ப்பன்கோல்

கணக்கு எளிது. புது டிரஸ்ட் வேண்டாம், தனிநபர் பெயரில் வங்கிக் கணக்கு நிச்சயமாக வேண்டாம். ஒரு சபையின் கணக்கில் தனித் தலைப்பாக வைத்து, ஒரே நோட்டில் வரவு செலவு எழுதி, வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த மூன்று பேர் கையெழுத்திடட்டும். காணிக்கையை அன்றே, அந்த இடத்திலேயே, இரண்டு சபையார் எண்ண வேண்டும். அடுத்த ஞாயிறு ஆறு சபையிலும் ஒரே தொகை அறிவிக்கப்பட வேண்டும். முடிந்தவரை பொருளாகவே வாங்குங்கள்: ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் கேஸ். எந்தச் சபையாவது வெளிநாட்டு நன்கொடையிலிருந்து தருகிறோம் என்றால் வாங்கக் கூடாது. 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது நல்லது. இதை ஒதுக்கிவிட்டு நடத்துகிற ஐக்கிய ஆராதனையில் ஏதோ ஒரு பொய் இருக்கும். 2013-ஆம் ஆண்டு ஐக்கிய ஜெப வாரத்துக்கான பொருளைத் தயாரித்தது இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம். அவர்கள் எடுத்தது மீகா 6:6-8. தலித் மக்களுக்கு நடக்கும் அநீதியை முன்வைத்துத்தான் அந்த எட்டு நாள் தியானமும் எழுதப்பட்டது. உங்கள் முதல் கூட்டத்தில் அந்தப் பகுதியையே வாசிக்கலாம்.

நடைமுறையில் ஒழுங்குகளை முதலிலேயே நிறுவிவிட வேண்டும். பிறகு மாற்ற வரும்போது அது சண்டையாகும். முதல் ஆராதனையைப் பெரிய தெருவில் இருக்கிற பெரிய கோயிலில் வைக்காதீர்கள். காலனிக்குள் இருக்கும் சபையில் தொடங்குங்கள், இடம் பற்றாவிட்டால் வெளியே பந்தல் போடுங்கள். அங்கே வரத் தயங்குகிறவர் யார் என்று அன்றே தெரிந்துவிடும். அவருடைய ஊழியர் அவரைத் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். அது கமிட்டியின் வேலை இல்லை. அடுப்பில் நிற்கிற மூன்று பேரை, யார் கையால் சமைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். சமைக்கத் தெரிந்தவர் பெயர்களைச் சீட்டெழுதி எடுங்கள். ஊழியர்கள் ஆறு பேரும் முதல் பந்தியில், ஒரே வரிசையில் உட்கார வேண்டும். "வயிறு சரியில்லை" என்று ஒருவர் எழுந்து போனால் ஊர் முழுக்க அதைப் பார்க்கும்.

அவசரமும் வேண்டாம். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள் ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-இல். நடுவில் 28 ஆண்டுகள். வெள்ளாளன்விளையில் பிறந்து, இதற்காக உழைத்த அசரியா பேராயர் 1945-இலேயே மறைந்துவிட்டார். பேச்சு அதிகம் சிக்கியது பேராயர் பதவியிலும் குருப்பட்டத்திலும். ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பு என்றார்கள், எந்தச் சபை மேலும் அது ஏற்காத ஊழியரைத் திணிப்பதில்லை என்று உறுதியும் கொடுத்தார்கள். "உன் மேல் எதையும் திணிக்க மாட்டோம்" என்ற அந்த ஒரு வரியை உங்கள் ஒப்பந்தத் தாளிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பந்தியில் ஒரே வரிசை என்பது அந்த விலக்குக்குள் வராது என்றும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.

அசனப்பந்தி

ஒன்று விட்டுப்போனது. முதல் மாதம் 100 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். 60 தட்டு போதும் என்றாலும் பரவாயில்லை, 12 மாதமும் தவறாமல் நடக்கட்டும். தேதியை "இரண்டாம் சனிக்கிழமை" என்று நிலையாக வைத்தால், அறிவிப்பு இல்லாமலே சாப்பிட வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். தவக்காலத்தில் அசைவம் வேண்டாம் என்று கத்தோலிக்கர் கேட்பார்கள். சாம்பார் சாதத்தில் அந்தப் பிரச்சினையும் வராது.