கட்டு மாற்றியது சிஸ்டர், பில் டாக்டர் பெயரில்: இது சரியா?

கோத்தகிரிப் பேரன்:
பாட்டிக்குச் சர்க்கரைப் புண். கோவையில் கால் பெருவிரலை எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. ஒவ்வொரு கட்டுக்கும் மலை இறங்க முடியாது என்பதால் இங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுகிறோம். செவ்வாய்க்கிழமை டாக்டர் இல்லை, மேட்டுப்பாளையம் போயிருந்தார். சிஸ்டர்தான் சலைன் ஊற்றிப் பழைய துணியை நனைத்து, வலிக்காமல் பிரித்து, புண்ணின் ஆழத்தைப் பார்த்து எழுதி, புதுக்கட்டுப் போட்டார். முக்கால் மணி நேரம் குனிந்தபடியே. பில்லில் 'டாக்டர் ப்ரொசீஜர் சார்ஜ்' 600, 'நர்சிங்' 100, சாமான் 250. மொத்தம் 950 ரூபாயைக் கொடுக்கத் தயங்கவில்லை. ஊரிலேயே இல்லாதவர் பெயரில் 600 எப்படி வரும்?

கூடலூர் நிர்வாகி:
நானும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கணக்கைப் பார்ப்பவன். தம்பி, அந்த 600 டாக்டர் கையால் கட்டியதற்கான கூலி இல்லை. என்ன மருந்து, எத்தனை நாளுக்கொரு கட்டு என்று எழுதிக் கொடுத்தவர் அவர். நாளை புண் மோசமானால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாம் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போய் வர வேண்டும். சீழ்பட்ட பஞ்சு மஞ்சள் பையில் போகும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மழையில் மண் சரிந்து வண்டி வராமல் கெடு தாண்டினால், பாதுகாப்பாக வைத்து, காரணத்தையும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் எந்தத் தலைப்பில் ஏற்றுவது?

கோத்தகிரிப் பேரன்:
அதற்கென்று ஒரு தலைப்பு வையுங்கள் ஐயா. 'சிகிச்சை அறைக் கட்டணம் 600' என்று இருந்திருந்தால் நான் இங்கே எழுதியே இருக்க மாட்டேன்.

குன்னூர் கோடர்:
நான் வீட்டிலிருந்து அமெரிக்க கிளினிக்குகளுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது சிகிச்சைகளுக்குப் பில் கோடு போடும் வேலை, செய்கிறேன். இதே தகராறுக்கு அங்கே விதி உண்டு. முதியோருக்கான அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேரில், ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற நர்ஸ் தன் பெயரில் பில் போட முடியாது. அவர் செய்ததை டாக்டர் பெயரில் போடலாம். 'இன்சிடென்ட் டு' என்பார்கள். ஆனால் சிகிச்சையை டாக்டரே தொடங்கியிருக்க வேண்டும். நர்ஸ் வேலை செய்யும் நேரத்தில், அதே அறையில் இல்லாவிட்டாலும், கூப்பிட்டால் வரும்படி கிளினிக்குக்குள் இருக்க வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது நேரலை வீடியோவில் இருந்தாலும் போதும் என்று தளர்த்தினார்கள். வெறும் போன் குரல் ஆகாது. நர்ஸ் மட்டும் பார்த்து அனுப்பும் ஓ.பி.க்கு 99211 என்ற கோடு இருக்கிறது. அதுவும் ஏற்கெனவே அங்கே காட்டிவரும் நோயாளிக்குத்தான், புதிதாக வருபவருக்குப் போட முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை பில் என்னிடம் வந்திருந்தால் டாக்டர் பெயரில் அனுப்பியிருக்க மாட்டேன்.

கூடலூர் நிர்வாகி:
அமெரிக்க விதி நம் மலைக்குச் செல்லாது. இங்கே பில்லில் நர்ஸ் என்று இருந்தாலே இன்சூரன்ஸ்காரர்கள் வெட்டுவார்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் செலவைத் தரும் பாலிசி பாட்டிக்கு இருந்தால், நஷ்டப்படுவது இந்தப் பேரன்தான்.

குன்னூர் கோடர்:
விதி செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது அதன் நியாயத்தை. இன்சூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது தவறு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பட்டியலில் விலக்கக்கூடியதாக இருப்பது தனியாக நர்ஸ் வைத்துக்கொள்ளும் செலவு. கட்டு மாற்றுவது ஒரு ப்ரொசீஜர். பஞ்சு, காஸ் துணி போன்றவை ப்ரொசீஜர் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும் என்றும் அங்கே இருக்கிறது. அப்படியானால் அந்த 250-ஐயும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஊட்டி மார்க்கெட்:
நர்ஸ் பேர்ல பில் போட்டா ஜி.எஸ்.டி. வந்துரும்னு சொல்றாங்களே?

கூடலூர் நிர்வாகி:
வராது. எதிர்த்தரப்பு என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். சிகிச்சையை டாக்டர் செய்தாலும் நர்ஸ் போன்ற துணை மருத்துவப் பணியாளர் செய்தாலும் வரிவிலக்குதான். 2022 ஜூலை 18 முதல் நாளுக்கு 5000 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு 5 சதவீதம் வந்தது, ஐ.சி.யூ.வுக்கு அதுவும் இல்லை.

பந்தலூர் சிஸ்டர்:
பதினோரு வருஷமா கட்டு மாத்துறேன். எல்லாரும் 600 யாருக்குன்னு பேசுறீங்க, அந்த 100-ஐப் பாருங்க. நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படிச்சு, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில்ல பதிஞ்சு நம்பர் வாங்கியிருக்கேன். புண்ணோட ஓரம் கறுத்திருக்கா, நாத்தம் மாறியிருக்கா, எலும்பு தெரியுதான்னு முதல்ல பாக்குறது நான். ராத்திரி டாக்டருக்கு போன் போட்டு "இவங்களக் கீழ அனுப்பணும் சார்"னு சொல்றதும் நான். நிர்வாகி ஐயா பொறுப்புன்னு சொன்னீங்க. கேஸ் ஷீட்ல அன்னைக்குக் கட்டு மாத்தினதுக்குக் கையெழுத்து யாருது? என்னுது. பிரச்சனைன்னு வந்தா அந்தத் தாளத்தான் முதல்ல எடுப்பாங்க. அப்ப பில்லுலயும் என் பேரு இருக்கணும்ல?

கூடலூர் நிர்வாகி:
கையெழுத்து விஷயத்தில் உங்களை மறுக்க முடியவில்லை, சிஸ்டர். ஆனால் பெயரைப் போட்டுவிட்டால், டாக்டரே கட்டட்டும் என்று நோயாளிகள் அடம்பிடிப்பார்கள். ஒரே டாக்டரை வைத்து ஓட்டும் எங்களைப் போன்ற இடங்களில் அன்றைக்கு ஓ.பி. நின்றுவிடும்.

கோத்தகிரிப் பேரன்:
இன்று கவுன்ட்டரில் வரிவரியாகப் பில் கேட்டேன். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது என்று சொன்னதும் மறுக்கவில்லை. 'செய்தவர்' என்று அவர்கள் மென்பொருளில் ஒரு கட்டமே இருக்கிறது. அதில் தானாகவே டாக்டர் பெயர் விழும்படி வைத்திருக்கிறார்கள்; மாற்ற மேலிடம் சொல்ல வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டாக்டரே கட்டட்டுமா என்று பாட்டியிடமும் கேட்டேன் ஐயா. "அந்தப் புள்ளையே கட்டட்டும், அதுக்குத்தான் கை பதமா இருக்கு" என்றார்.

கூடலூர் நிர்வாகி:
எங்கள் மென்பொருளிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை டாக்டரிடம் பேசுகிறேன். 600-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டும் நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை.

பந்தலூர் சிஸ்டர்:
பேசுங்க ஐயா. தம்பி, பாட்டிக்குக் காய்ச்சல் அடிச்சாலோ கட்டுல நாத்தம் வந்தாலோ அடுத்த கட்டு நாள் வரைக்கும் இருக்காதீங்க. அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.