மழைக்குப் பிறகு வீட்டைச் சுற்றிப் பெரிய எறும்புகள்: ராணியா? இனம் காண உதவி வேணும்

தோட்டவாசி:
வணக்கம். இருப்பது கொழும்பு மாவட்டம், ஹங்வெல்லப் பக்கம். முற்றத்தில் மா, ரம்புட்டான், பின்னால் இறப்பர்க் காணி. பின்னேர இடிமழை தொடங்கியதிலிருந்து வீட்டைச் சுற்றிப் பெரிய எறும்புகள் தனித்தனியாகத் திரியுது. மூன்று வகை:
1. பச்சை கலந்த பழுப்பு, வயிறு பெருத்தது, கிட்டத்தட்ட 2 செ.மீ. மா இலைக்கு அடியில் ஒட்டியிருந்தது.
2. கன்னங்கறுப்பு, செட்டை இல்லை, நெஞ்சு திரண்டிருக்கு.
3. கறுப்பு, மெலிந்த நீள உடம்பு, மேலெல்லாம் கோடு கோடாய். விறாந்தையில் வேகமாக ஓடுது.
லைட்டுக்குக் கீழே செட்டைகளும் குவிந்து கிடக்கு. ராணி என்றால் வளர்த்துப் பார்க்க மகளுக்குச் சரியான ஆசை.

கட்டெறும்பு:
அக்கா, ராணியை அளவை வைத்து முடிவெடுக்காதீங்க, நெஞ்சைப் பாருங்க. பறக்கும் தசை அங்கேதான் இருக்கு, அதனால் வேலையாள் எறும்பைவிடத் திரண்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் செட்டை கழன்ற தழும்பு பக்கவாட்டில் தெரியும்.

முதலாவது முசுறு ராணி, சந்தேகமே இல்லை. அந்தப் பச்சை நிறம் வேலையாள் முசுறுக்கு இங்கே வராது. இரண்டாவதில் தழும்பு இருந்தால் பெரும்பாலும் காம்பொனோட்டஸ், எங்கட கட்டெறும்புச் சாதி. அதில் இனங்கள் நிறைய. பக்கவாட்டுப் படம் ஒன்று போடுங்க.

மூன்றாவதுதான் அருமையானது. கோடுகளைப் பார்த்தால் டயகம்மா. அதுக்கு ராணி என்று தனியாக ஒன்று கிடையாது! கூட்டுப்புழுவிலிருந்து வரும் ஒவ்வொரு பெண் எறும்புக்கும் நெஞ்சில் செட்டை மொட்டு மாதிரி இரண்டு சின்னத் துண்டு இருக்கும். கூட்டில் ஆதிக்கம் செலுத்துகிற ஒன்று, மற்றவற்றின் மொட்டுகளைக் கடித்து எடுத்துவிடும். மொட்டு தப்பினதுதான் இணைசேர்ந்து முட்டையிடும், மற்றதெல்லாம் வேலையாள். ஓடித் திரிவது இரை தேடுற வேலையாளாகத்தான் இருக்கும். கையால் பிடிக்க வேண்டாம், கொட்டும்.

தோட்டவாசி:
நன்றி தம்பி. கறுப்பில் தழும்பு தெளிவாக இருக்கு. எப்படி வைக்கிறது? சீனி கொடுக்கலாமா?

மழைக்குருவி:
இப்போதைக்குச் சாப்பாடே வேண்டாம். காம்பொனோட்டஸ் ராணி தன் பறக்கும் தசையைக் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளை வளர்க்கும். சோதனைக் குழாயில் மூன்றிலொரு பங்கு தண்ணி, அதை அடைத்துப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில், அதிர்வில்லாத இடத்தில் வையுங்க. மகள் அடிக்கடி எடுத்துப் பார்த்தால் ராணி மிரண்டு முட்டையைத் தின்றுவிடும். முதல் வேலையாள் வந்த பிறகு துளி தேன், நசுக்கின சின்னப் பூச்சி. முசுறை மாவிலேயே விட்டுவிடுங்க, வீட்டுக்குள் கூடு கட்டினால் கடி தாங்க ஏலாது.

கட்டெறும்பு:
அந்தச் செட்டைக் குவியலையும் பாருங்க அக்கா. நான்கும் ஒரே நீளமா?

தோட்டவாசி:
ஓம், ஒரே நீளம்.

கட்டெறும்பு:
அப்போ அது ஈசல், கறையான். எறும்புக்கு முன்செட்டைதான் நீளம். சுவர் அடியிலும் கூரை மரத்திலும் மண் குழாய் ஓடுதா என்று இந்தக் கிழமையே பார்த்துவிடுங்க.