கை முறிந்திருக்கிறது, சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் தந்தால் சரியா? (கோத்தகிரி பக்கம்)

கேள்வி: தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரைக் கீழே தள்ளி மிதித்ததில் முன்கை எலும்பு முறிவு. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது தந்து, “14 நாள் விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர். போடறோம்” என்கிறார்கள். சட்டப்படி சரியா? வைத்தியச் செலவுக்கு வழி உண்டா?

பதில் 1: சரியில்லை. அந்த 14 நாள், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3)). அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். எலும்பு முறிவு கொடுங்காயம், தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 117(2)-இல் 7 ஆண்டு வரை. அதனால் அந்த 14 நாள் விதியில் அடங்காது.

புகாரையும் சி.எஸ்.ஆர். நகலையும் ஊட்டி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3) மனு, அஃபிடவிட்டுடன். தபால் ரசீது இணைக்காத மனுதான் பெரும்பாலும் திரும்பி வரும்.

பதில் 2: ஜி.எச்.சில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கிப் படித்துப் பாருங்கள். “வழுக்கி விழுந்தார்” என்று பதிவாகியிருந்தால் (மழைக்காலத் தோட்டத்தில் யாரும் நம்புவார்கள்!) எதிர்த்தரப்பு வக்கீல் அதையேதான் பிடித்துக்கொள்வார். எக்ஸ்ரே அறிக்கையும் வேண்டும்.

பதில் 3: செலவுக்கு: ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பி.என்.எஸ்.எஸ். 396(6)-இன்படி இலவச சிகிச்சைக்கு உத்தரவிடலாம். இன்ஸ்பெக்டர் அல்லது மாஜிஸ்திரேட் சான்று தேவை. முழு இழப்பீட்டுக்கு, தாக்கிய ஆள் தெரிந்த வழக்கு என்பதால், கோர்ட் பரிந்துரைக்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸாரே தெரிவிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 193(3).

கேட்டவர்: போலீஸார் வழக்கை முடித்துவிட்டால்?

பதில் 1: ஆர்.சி.எஸ். (வழக்கை முடித்ததாகச் சொல்லும்) நோட்டீஸ் வரும். அதே மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனு போடலாம். நோட்டீஸில் கையெழுத்துக் கேட்டால் தேதி எழுதிப் போடுங்கள்.