சிவப்பு வாசலில் பனி: வெள்ளை மையா, வேறு வித்தையா?

தூரிகை:
கவாசே ஹசுயி 1925-இல் உருவாக்கிய 'ஷிபா சோஜோஜி' மர அச்சு ஓவியத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டோக்கியோவின் பௌத்தக் கோயில் ஒன்றின் செக்கச்செவேலென்ற வாசல், பனி சுமந்த பைன் மரம், காற்றுக்கு எதிரே குடையைச் சாய்த்து நடக்கும் பெண். நான் லினோ அச்சு, அதாவது லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்சிடும் முறை, பயில்பவன். சிவப்பின் மேல் வெள்ளை மை ஏற்றினால் அழுக்கு ரோஜா நிறம்தான் மிஞ்சுகிறது. இவருக்கு மட்டும் பனி எப்படி இப்படிப் பளிச்சிடுகிறது?

உளிச்சத்தம்:
வெள்ளை மையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அந்தக் கூரையில் கிடப்பது வெறும் காகிதம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. பனி இருக்க வேண்டிய இடத்தை எல்லாப் பலகைகளிலும் குடைந்து எடுத்துவிட வேண்டும். ஒன்றில் மறந்தால் அங்கே நிறம் ஏறிவிடும். பலகைகள் மயிரிழை விலகினாலும் கூரை விளிம்பில் சிவப்புக் கசிந்து குட்டு வெளிப்படும். அதனால்தான் பலகையின் மூலையில் ஒரு வெட்டு, பக்கவாட்டில் இன்னொரு வெட்டு. ஜப்பானியர் இவற்றைக் 'கென்தோ' என்பார்கள். ஈரப்படுத்திய காகிதத்தை அவற்றில் பொருத்தி, மூங்கில் உறை சுற்றிய 'பாரென்' என்னும் வட்டத் தட்டால் காகிதத்தின் முதுகில் தேய்ப்பார்கள். அச்சு இயந்திரம் கிடையாது.

இன்னொன்று: ஹசுயி வரைந்தார், அவ்வளவுதான். செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு. இவர்களைக் கூட்டி வேலை வாங்கிய பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோ. படத்தைப் புகழும்போது அந்தக் கைவினைஞர்களை யாரும் பாராட்டுவதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

ஈரமை:
அதே கோயிலின் பனியை ஹசுயி 1953-இல் மறுபடியும் வரைந்தார். மரபுக் கலையைப் பதிவு செய்ய அரசுக் குழு கேட்ட படம் அது. ஒரு தாளில் 42 முறை அச்சு ஏறியதாம். எனக்கு 1925-தான் பிடிக்கும். அதில் வாசல் கண்ணை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. 1622-இல் கட்டிய அந்த வாசல் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கும் தப்பி இன்றும் நிற்கிறது.

தூரிகை:
அப்படியென்றால் பனியை நான் மை ஏறாத காகிதமாகவே விட்டுவைக்க வேண்டும். லினோவில் கென்தோ வெட்ட முடியுமா?

உளிச்சத்தம்:
லினோ நசுங்கும். அடியில் ஒரு பலகையைப் பொருத்தி, வெட்டை அதில் வையுங்கள். முதலில் இரண்டே நிறம் போதும்.