மெடிக்கலில் பழைய டிபியைச் சொல்லவா, விடவா?

கொட்டாஞ்சேனைக் கிளி:
கனடாவுக்கு என் கணவர் ஸ்பொன்சர் போட்டிருக்கிறார். விசா மெடிக்கல் சோதனைக்குக் கடிதம் வந்துவிட்டது, 30 நாள் தந்திருக்கிறார்கள். எனக்கு 17 வயதில் டிபி, அதுதான் காசநோய், வந்தது. ஆறு மாதம் மருந்து குடித்து முழுசாக மாறிவிட்டது. இப்போது 31. படிவம் நிரப்பித் தரும் ஏஜென்சிக்காரர், "கேட்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ, அந்தக் காலத்துக் கதை ஆருக்குத் தெரியப்போகுது" என்கிறார். இரண்டு நாளாக நித்திரை இல்லை. என்ன செய்யலாம்?

இரவு பஸ்:
ஏஜென்சிக்காரர் சொல்வது சரி. நான் சொல்லிக் கெட்டவன். லண்டனுக்குப் படிக்கப் போக இங்கே கொழும்பில் டிபி சோதனைக்குப் போய், சின்ன வயதில் இருந்தது என்று வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். தொடர்ந்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், வெள்ளவத்தையில் லொட்ஜ் எடுத்துக் கிடந்தேன். விடிய வெறும் வயிற்றோடு போய், சின்னப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு இருமு இருமென்று இருமினால் எச்சில்தான் வரும். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு மாதம். செப்டெம்பர் வகுப்பு போய்விட்டது. என்னோடு வரிசையில் நின்ற பெடியன் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கிழமையே சான்றிதழோடு போனான்.

எக்ஸ்றே அறை:
அந்தப் பெடியனுக்கு முன்னர் டிபி இருந்ததா என்று உங்களுக்குத் தெரியுமா அண்ணா? நான் இந்த வேலையில் பல வருடம் இருக்கிறேன். மாறிய டிபி நிறையப் பேருக்கு நுரையீரலின் மேல் பக்கத்தில் தழும்பு விட்டுப் போகும். படத்தில் அது வெள்ளைக் கோடுகளாக நிற்கும். வாய் சொல்லாததை நெஞ்சு சொல்லிவிடும். அப்போது சளியும் எடுப்பார்கள், இரண்டு மாதமும் போகும், கூடவே "இல்லை" என்று நீங்கள் வைத்த கையெழுத்தும் கோப்பில் இருக்கும். பொய்த் தகவல் என்று கனடா முடிவெடுத்தால் ஐந்து வருடத் தடை. இதை ஏஜென்சிக்காரர் சொன்னாரா?

இரவு பஸ்:
தழும்பு இல்லாவிட்டால்?

எக்ஸ்றே அறை:
இல்லாமலும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படம் எடுத்த பிறகுதான் தெரியும். கேள்விப் படிவத்தில் அதற்கு முன்பே கையெழுத்து வைக்க வேண்டும்.

மூன்றாம் குறுக்குத் தெரு:
டிபி என்றாலே கனடாக்காரன் செலவு கூட என்று ரிஜெக்ட் பண்ணுவான். சொல்லாதீர்கள்.

எக்ஸ்றே அறை:
இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அதிக மருத்துவச் செலவு என்று மறுக்கும் விதி, ஸ்பொன்சரில் போகும் கணவன் மனைவிக்குப் பொருந்தாது. டிபி வேறு கதை. நோய் இப்போது உயிரோடு இருந்தால் மருந்து குடித்து முடிக்கும் வரை நிறுத்தி வைப்பார்கள். மாறிப்போன டிபி என்றால் பெரும்பாலும், அங்கே இறங்கி 30 நாளுக்குள் பொதுச் சுகாதாரப் பிரிவில் பதிந்துகொள் என்று ஒரு தாள் தருவார்கள்.

இரவு பஸ்:
சரி, அப்படியே சொல்லிவிட்டுக் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோனால் சளி எடுக்காமல் விடுவார்களா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

எக்ஸ்றே அறை:
விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொப்பி இருந்தால் என்ன மருந்து, எத்தனை மாதம், முடித்ததா இடையில் விட்டதா என்பது தெரியும். பழைய எக்ஸ்றே கிடைத்தால் இன்னும் நல்லது, அன்றைக்கும் இன்றைக்கும் தழும்பு அப்படியே இருக்கிறது என்று காட்டலாம். இரண்டும் இல்லாவிட்டால் பார்க்கிற டொக்டருக்கு அது மருந்து குடிக்காத டிபி மாதிரித்தான். முடிவு அவர் கையிலும் இல்லை, அவர் எழுதி அனுப்புவார், கனடாவில் இருப்பவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

இரவு பஸ்:
அப்போ சொன்னாலும் இரண்டு மாதம், சொல்லாவிட்டாலும் இரண்டு மாதம். இதற்கு இவ்வளவு காசு வேறு. அங்கேயிருந்து மூன்று கிழமை இங்கே திருவிழாவுக்கு வந்து போகிறவர்களை எந்த டொக்டர் சோதிக்கிறார்? நாங்கள்தான் சட்டையைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எக்ஸ்றே அறை:
அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் அந்தக் கோபத்துக்குத் தங்கச்சி ஏன் பொய்க் கையெழுத்து வைக்க வேண்டும்?

கொட்டாஞ்சேனைக் கிளி:
அண்ணாமார், உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கனடாவை விடப் பயம் மாமி வீட்டை நினைத்துத்தான். கலியாணம் பேசும்போது இந்தக் கதையை அம்மா மறைத்துவிட்டா. அவருக்கும் தெரியாது. சளி, இரண்டு மாதம் என்று இழுபட்டால் ஏன் என்று கேட்பார்கள்தானே?

மூன்றாம் குறுக்குத் தெரு:
அப்படிச் சொல்லுங்கள். இது மெடிக்கல் பிரச்சினையே இல்லை.

எக்ஸ்றே அறை:
அறிக்கை கணவர் கைக்குப் போகாது, டொக்டர் நேரே கணினியில் அனுப்பிவிடுவார். ஆனால் தாமதத்தை ஒளிக்க முடியாது. அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒழுங்காக ஆறு மாதம் மருந்து குடித்து முடித்தவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரவு பஸ்:
சரி, டொக்டரிடம் சொல்லுங்கள், அவரிடமும் சொல்லுங்கள். மாமிக்கு மட்டும் வேண்டாம் தங்கச்சி. நான் இரண்டு மாதம்தான் இழந்தேன், நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டி வரும்.

கொட்டாஞ்சேனைக் கிளி:
அம்மாவின் அலுமாரியில் கொப்பி கிடந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது, பதிவு இலக்கம் தெரிகிறது. எக்ஸ்றே இல்லை. திங்கட்கிழமை விடியவே அந்தச் செஸ்ட் கிளினிக்குக்குப் போய்ப் பழைய பதிவேட்டைக் கேட்கப்போகிறேன். அங்கே அவர் வேலை முடிந்து கோல் எடுக்க இங்கே விடிந்துவிடும், முழித்திருக்கிறேன்.